பூஜ்யம் காத்த வீரர்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் இருக்கும் சிற்றூர் கல்லாறு. ஊருக்கும் அதுவே பெயர். ஊரைத் தழுவி ஓடும் ஆற்றுக்கும் அதுவே பெயர். இங்கிருந்து மேலே செல்ல 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும் என்பதால், பிரயாணிகள் பலரும் இங்கே வண்டியை நிறுத்திச் சற்றே இளைப்பாறுவது வழக்கம். நாமும் ஒரு மாலைப் பொழுதில் அவ்வாறு இளைப்பாறினோம். உருண்டு திரண்ட பாறைகளுக்கிடையே தெளிந்த நீர் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. கரையோரத்தில் கிடைத்த சிறு வெளியில் சிறுவர்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இரு கட்சியாகப் பிரியும்போதே சச்சரவு எழுந்தது. முன்னணியில் நின்று கோல் போட எல்லோருக்கும் ஆசை. பின்னால் நிற்க ஒருவருக்கும் மனம் இல்லை. முடிவில், மறுத்துப் பேசத் தெரியாத ஒரு சிறுவனைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினார்கள். ஆட்டத்தில் எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் எல்லோரையும் ஏமாற்றிவிட்டுக் கோலை நோக்கிப் பாய்ந்தபோது, இந்தச் சிறுவன் குறுக்கே விழுந்து பந்தை ஓங்கி உதைத்தான். பந்து ஆற்றில் போய் விழுந்தது. கோல் தப்பியது. ஆனால் ஒருவரும் கை தட்டவில்லை. பந்தைத் தண்ணீரில் போட்டதற்காக அவனுக்கு வசவுதான் கிடைத்தது!

அந்தச் சிறுவனைப் பார்த்தபோது நமக்கு ஒருவர் நினைவு வந்தது. அதே திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள காவல் துறை அணிக்கு ஆடியவர். பாரத நாட்டு அணிக்குத் தலைமை தாங்கியவர். தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கோல் போடுவதில் அன்றி, கோல் விழாமல் தடுப்பதிலேயே கழித்தவர். வி. பி. சத்தியன் என்பது அவர் பெயர். அவருடைய வரலாற்றையும், அவர் ஏற்ற தொழிலின் இயல்பையும், அவர் வாழ்வு நம்மிடம் கேட்கும் ஒரு கேள்வியையும் இங்கே சிந்திக்கப் புகுவோம்.

கால்பந்தாட்டத்தில் காவல் வீரனின் நிலை விசித்திரமானது. ஓர் ஆட்டம் மூன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று கோல்களையும் போட்டவர் யார் யார் என்று மறுநாள் பத்திரிகை சொல்லும். எத்தனையாவது நிமிஷத்தில், எந்தக் காலால் என்றுகூடச் சொல்லும். ஆனால் அந்தப் பூஜ்யம் யாருடையது? அதை எழுதுவோர் இல்லை. வானொலியில் நேர்முக வருணனை கேட்டுப் பழகியவர்களுக்கு இது நன்கு தெரியும். முன்னணி வீரன் பந்துடன் ஓடும்போது வருணனையாளரின் குரல் உயரும், சொற்கள் பறக்கும். காவல் வீரன் அதைப் பறித்து வெளியே அடித்தால், ‘பந்து வெளியே போய்விட்டது’ என்று ஒரே வாக்கியத்தில் கதை முடிந்துவிடும். கோல் என்பது நிகழ்ந்த ஒன்று. காவல் வீரனின் சாதனையோ நிகழாமற் போன ஒன்று. நிகழாததை நினைவில் வைத்திருப்பது மனித மனத்துக்கு எளிதன்று.

நம் மொழியில் பூஜ்யம் என்ற சொல்லுக்கு ஒன்றும் இல்லாதது என்று ஒரு பொருள் உண்டு. போற்றி வணங்கத்தக்கது என்று மற்றொரு பொருளும் உண்டு. காவல் வீரனின் உழைப்பை அளக்க இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

இந்தக் காவல் தொழில் என்றும் ஒரே மாதிரியாக இருந்ததில்லை. 1925-க்கு முன்பு, முன்னணி வீரன் ஒருவனுக்குப் பந்து வரும்போது அவனுக்கும் எதிரியின் கோல் எல்லைக்கும் இடையே எதிர்க்கட்சியினர் மூவராவது இருக்க வேண்டும்; இல்லையேல் ‘ஆஃப்சைடு’. அந்த விதியின் துணையால், இரண்டே பின்னணி வீரர்களைக் கொண்டு ஒரு படையையே தடுத்துவிடலாம். 1925-இல் மூவர் என்பது இருவர் என மாற்றப்பட்டது. உடனே கோல்கள் மழையாகப் பொழியலாயின. அதற்கு ஒரு மாற்று வேண்டுமல்லவா? இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தை நடத்திவந்த ஹெர்பர்ட் சாப்மன், நடு மைதானத்தில் ஆடிய வீரனைப் பின்னுக்கு இழுத்து, இரு பின்னணி வீரர்களுக்கும் நடுவே நிறுத்தினார். அவனுக்கு உள்ள வேலை தடுப்பது ஒன்றே. ஆகவே ‘ஸ்டாப்பர்’ என்று பெயர் வந்தது. நம் ஊர் மைதானங்களிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சத்தியன் ஏற்று நின்ற இடம் அதுதான்.

சத்தியனுக்கு முன்னும் இந்தக் காவல் மரபில் கேரளத்தவர் சிலர் புகழ் பெற்றிருக்கிறார்கள். 1948-இல் சுதந்திர பாரதத்தின் அணி முதன்முதலாக இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்றபோது, திருவல்லா பாப்பன் என்று மக்கள் அழைத்த டி. எம். வர்கீஸ் அந்த அணியில் இடம்பெற்றிருந்தார். வீரர்களில் பலர் காலணி இல்லாமலே ஆடிய அந்தப் பந்தயத்தில், பிரான்ஸ் அணி இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கிலேதான் நம்மை வெல்ல முடிந்தது. பின்னர் இரிஞ்ஞாலக்குடாவைச் சேர்ந்த ஓ. சந்திரசேகரன் வந்தார். பம்பாயில் கால்டெக்ஸ் அணிக்கு ஆடிய அவர், 1960-இல் ரோம் ஒலிம்பிக்கிலும், 1962-இல் ஜகார்த்தாவில் நம் நாடு தங்கப் பதக்கம் வென்ற ஆசிய விளையாட்டிலும் பின்னணியில் நின்று காத்தவர்.

அந்த ஜகார்த்தா வெற்றியிலேயே நாம் சொல்ல வந்த கருத்துக்கு ஒரு சான்று இருக்கிறது. அணியின் மற்றொரு காவல் வீரர் பஞ்சாபின் ஜர்னைல் சிங். முந்தைய ஆட்டமொன்றில் அவருக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டிருந்தது. பயிற்சியாளர் எஸ். ஏ. ரஹீம் அவரைப் பின்னணியில் நிறுத்தாமல் முன்னணிக்கு அனுப்பினார். தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்ற இறுதி ஆட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் போட்டார். இன்றும் அவரைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது அந்தத் தையலையும் அந்தக் கோலையும்தான். அவர் ஆண்டுக்கணக்காகத் தடுத்த கோல்களின் கதையைச் சொல்வார் இல்லை. காவற்காரனையும் நாம் நினைவு கொள்ள வேண்டுமென்றால் அவன் ஒரு கோல் போட்டாக வேண்டியிருக்கிறது!

சத்தியன் 1965 ஏப்ரல் 29 அன்று கண்ணூர் மாவட்டத்தில் பிறந்தார். ஆங்கிலேயரின் படைமுகாம் இருந்த கண்ணூரில் கால்பந்து வெகு காலத்துக்கு முன்பே வேரூன்றிவிட்டது. லக்கி ஸ்டார், ஸ்பிரிட்டட் யூத்ஸ் முதலிய கழகங்கள் அங்கே ஆட்டக்காரர்களை வளர்க்கும் நாற்றங்கால்களாக விளங்கின. சத்தியனும் லக்கி ஸ்டார் கழகத்தின் வழியாகவே வெளிச்சத்துக்கு வந்தார்.

அந்த நாளில் கால்பந்து ஆடுவதையே பிழைப்பாகக் கொள்வது நம் நாட்டில் இயலாத காரியம். கல்கத்தாவின் பெரிய கழகங்களை விட்டால், மற்ற இடங்களில் ஆட்டக்காரனுக்குப் புகலிடம் அரசாங்க இலாகாக்களும், இரயில்வேயும், வங்கிகளும், ஆலைகளுமே. அங்கே ஓர் உத்தியோகம் கிடைக்கும், மாதச் சம்பளம் வரும், மாலையில் மைதானம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனையோ ஏழைக் குடும்பங்களில் அடுப்பெரிந்தது இந்த ஏற்பாட்டினால்தான். கேரள காவல் துறை 1980-களில் இவ்வாறு ஓர் அணியைத் திரட்டியது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுத் திரிந்த ஐ. எம். விஜயன் என்னும் இளைஞர் அதில் வந்து சேர்ந்தார். சி. வி. பாப்பச்சன், யு. ஷரபலி, குரிகேஷ் மாத்யூ, கோல் காவலர் கே. டி. சாக்கோ முதலியோரும் சேர்ந்தனர். பின்னணியின் நடுத்தூணாகச் சத்தியன் நின்றார்.

காவலர்களின் அணியில் காவல் வீரர்! பெயருக்கேற்ற பொருத்தம் என்று மக்கள் மகிழ்ந்திருக்கலாம். மகிழ்ச்சிக்கு அதைவிடப் பெரிய காரணமும் விரைவில் வந்தது. 1990-இல் திருச்சூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் கோவாவின் சல்கோகர் அணியை இறுதி ஆட்டத்தில் வென்று, கேரள காவல் துறை அணி கோப்பையைக் கைப்பற்றியது. மறு ஆண்டு கண்ணூரில், சத்தியன் பிறந்த மாவட்டத்திலேயே, பம்பாயின் மஹிந்திரா அணியை வென்று மீண்டும் அதே கோப்பையை வாங்கியது. கல்கத்தாவும் கோவாவும் பம்பாயும் பங்கு போட்டுக்கொண்ட பெருமையில் கேரளத்தின் இலாகா அணி ஒன்று நடுவே புகுந்து நின்றது சிறிய செய்தியன்று.

அடுத்து சந்தோஷ் கோப்பை. மாநிலங்களுக்கிடையே நடக்கும் இந்தப் பந்தயத்தைக் கேரளம் முதன்முறை வென்றது 1973-இல், எர்ணாகுளத்தில். அதன் பிறகு ஏறக்குறைய 20 ஆண்டுகள் அது கைக்கு எட்டவில்லை. 1992-இல் இறுதி ஆட்டம் நம் கோயம்புத்தூரில் நடந்தது. கேரள அணிக்குத் தலைவர் சத்தியன், எதிரே கோவா. மூன்றுக்குப் பூஜ்யம் என்று கேரளம் வென்றது. அந்த மூன்று கோல்களின் கதை கேரளத்தில் பல முறை சொல்லப்பட்டுவிட்டது. அந்தப் பூஜ்யத்தைப் பற்றி நாம் நினைத்துப் பார்ப்போம். ஒன்றரை மணி நேரம் கோவாவின் தாக்குதல் எதுவும் வலையைத் தொடாமல் காத்தவர்கள் சத்தியனும் அவருடைய பின்னணித் தோழர்களும் கோல் காவலரும் ஆவர். கோப்பையைத் தூக்கிய கை, அன்று கோல் போட்ட கால்களுக்கெல்லாம் தலைமை தாங்கிய ஒரு காவல் வீரனின் கை.

தேசிய அணியில் சத்தியன் 1985 முதல் பத்தாண்டுகள் ஆடினார். 1990-களின் முற்பகுதியில் தலைமையும் அவரிடம் வந்தது. 1995 டிசம்பரில், மதராஸ் என்றே அப்போதும் வழங்கிய சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. இறுதி ஆட்டத்தில் சத்தியனைத் தலைவராகக் கொண்ட நம் அணி வங்க தேசத்தை ஒன்றுக்குப் பூஜ்யம் எனத் தோற்கடித்துத் தங்கம் பெற்றது. இங்கும் அதே பூஜ்யம்! ஒரே கோலைக் கொண்டு ஒரு பந்தயத்தை வெல்ல வேண்டுமானால், மறுபக்கத்துக் கணக்கு திறக்கவே கூடாது. அடுத்த இரு மாதங்களில், 1996 பிப்ரவரியில், உலகத் தரவரிசைப் பட்டியலில் இந்தியா 94-ஆம் இடத்தைப் பெற்றது. அதற்கு மேலான இடத்தை அந்தப் பட்டியலில் நம் அணி அதற்குப் பின்னும் பெற்றதில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கும் விருதும் சத்தியனுக்குக் கிடைத்தது. காவல் வீரன் ஒருவனுக்கு இத்தகைய விருது கிடைப்பது எளிதில் நடப்பதன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் அவர் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்கும் ஆடிவிட்டு, மீண்டும் கேரள காவல் துறைக்குத் திரும்பினார். பின்னர் 1995-இல் சென்னையில் இந்தியன் வங்கி அணியில் சேர்ந்தார். அங்கே ஆட்டக்காரராகவும் பிறகு பயிற்சியாளராகவும் பணி செய்தார். ஆக, கண்ணூரில் பிறந்து, திருவனந்தபுரத்தில் புகழ் பெற்று, கோயம்புத்தூரில் கோப்பையேந்தி, சென்னையில் குடியமர்ந்த இவர், தமிழருக்கும் மலையாளிகளுக்கும் பொதுவான ஒரு வீரர்.

ஆனால் காவல் தொழிலுக்கு ஒரு விலை உண்டு. முன்னணி வீரன் மோதலைத் தவிர்த்து ஓடக் கற்றவன். காவல் வீரனோ மோதலுக்கு எதிரே போக வேண்டியவன். பாய்ந்து வரும் காலுக்குக் குறுக்கே தன் காலை வைப்பதும், தலைக்கு மேல் வரும் பந்துக்காக இருவர் மூவரோடு முட்டிக்கொள்வதும் அவனுடைய அன்றாட வேலை. முழங்காலும் கணுக்காலும் அந்தக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளும். ஆடும் நாளில் கடனாக நிற்கும் வலி, ஆட்டம் முடிந்த பிறகு வட்டியோடு வந்து கேட்கும். சத்தியனையும் காயங்கள் தொடர்ந்து வருத்தின. உடல் வலியோடு மனச்சோர்வும் சேர்ந்தது. 2006 ஜூலை 18 அன்று சென்னையில், தமது 41-ஆம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஒரு மனிதரின் இத்தகைய முடிவுக்கு ஒரே காரணத்தைச் சுட்டிக் காட்டுவது தகாது. மனத்தின் நோய் பல வேர்களை உடையது. அதற்கு மருத்துவமும் உண்டு, மீட்சியும் உண்டு. எவர்மீதும் பழி சுமத்துவது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு கேள்வி நம்மை விட்டு அகல மறுக்கிறது. நமக்காகக் காவல் நின்றவருக்கு, அவர் துவண்டபோது காவல் நின்றவர் யார்?

இந்தக் கேள்வியோடு உலகின் மற்றொரு மூலையை ஒரு கணம் நோக்குவோம். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தை உலகக் கூட்டமைப்பு 1961-இல் விலக்கிவைத்தது. 1976-இல் அறவே நீக்கியது. பின்னர் ஆட்சி மாறத் தொடங்கி, 1992 ஜூலையில் அந்நாடு மீண்டும் சர்வதேச ஆட்டம் ஆடியது. ஆடிய இடம் டர்பன். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கெனக் கப்பலேறிச் சென்ற நம் தமிழரின் வழித்தோன்றல்கள் திரளாக வாழும் நகரம் அது. அந்தப் புதிய காலத்தில் தோன்றிய பெரும் காவல் வீரர் லூகாஸ் ரடேபே.

ரடேபே 1969-இல் ஜோஹன்னஸ்பர்க்கை அடுத்த சொவெட்டோவில் பிறந்தவர். சத்தியனைவிட நான்கு வயது இளையவர். முதலில் கோல் காவலராக ஆடிப் பின்பு பின்னணிக்கு வந்தார். 1991-இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தும் உயிர் தப்பினார். கைசர் சீஃப்ஸ் கழகத்தில் பெயர் பெற்று, 1994-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கழகத்துக்குச் சென்றார். 1996-இல் தென்னாப்பிரிக்கா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றபோது பின்னணியில் நின்றவர்களில் அவரும் ஒருவர். இறுதி ஆட்டத்தில் துனிசியாவை வென்ற கணக்கு இரண்டுக்குப் பூஜ்யம். 1998, 2002 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளில் நாட்டுக்குத் தலைமை தாங்கினார். சத்தியனைப் போலவே இவரையும் காயங்கள் விட்டுவைக்கவில்லை. முழங்காலும் கணுக்காலும் இவரைப் பல மாதங்கள் படுக்கையில் தள்ளின.

ஆனால் அவர் காயப்பட்ட காலத்தில் கழகத்தின் மருத்துவர்கள் அருகில் இருந்தார்கள், ஒப்பந்தம் இருந்தது, ஊதியம் நின்றுவிடவில்லை. 2005 மே மாதத்தில் அவருக்கு விடைகொடுக்க லீட்ஸில் ஓர் ஆட்டம் நடத்தினார்கள். ஏறத்தாழ 38,000 பேர் திரண்டனர். எத்தனையோ கோல் வீரர்களைப் பார்த்த நகரம், கோல்களைத் தடுத்த ஒருவருக்காக எழுந்து நின்று கை தட்டியது.

இரு வீரர்களையும் தராசில் வைத்து எடை போடுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. இருவர் மனமும் வேறு, வாழ்வும் வேறு. செல்வம் கொழிக்கும் ஐரோப்பியக் கழகத்துக்கும் நம் இலாகா அணிகளுக்கும் உள்ள தூரம் நாம் அறியாததன்று. ஆயினும் ஓர் உண்மை இதில் தெளிவாகிறது. நம் ஏற்பாட்டில் ஆட்டக்காரனுக்கு உத்தியோகம் கிடைத்தது; அது பெரிய உதவி. ஆனால் உத்தியோகம் வயிற்றுக்கு வழி செய்யும். தேய்ந்த முழங்காலுக்கும், கூட்டத்தின் ஆரவாரம் ஓய்ந்த பிறகு மனத்தில் கவியும் வெறுமைக்கும் வழி செய்யாது. நேற்று வரை நாட்டின் தலைவனாக மைதானத்தில் நின்றவன், இன்று மேசைக்கு முன் அமர்ந்து பேரேட்டைப் புரட்டும்போது அவனுக்குள் நடப்பதைக் கேட்டறிய ஓர் ஆள் வேண்டும்.

காலம் சிறிது மாறியிருக்கிறது. சத்தியன் மறைந்த அதே 2006-இல் இந்தியக் கால்பந்து வீரர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய பின், ஒப்பந்தமும் உடற்பயிற்சி நிபுணரும் நம் வீரர்களில் சிலருக்கேனும் வாய்த்தன. சத்தியனின் வாழ்க்கை 2018-இல் ‘கேப்டன்’ என்னும் மலையாளத் திரைப்படமாக வந்தது. அதில் சத்தியனாக நடித்தவர் ஜெயசூர்யா. கோல்களைத் தடுத்த ஒருவரின் கதையைக் காணவும் மக்கள் கொட்டகைக்கு வந்தார்கள் என்பது ஆறுதலான செய்தி. ஆனால் படம் எடுப்பதற்கு முன்பே, அவர் உயிரோடு இருந்த நாளிலேயே, அந்தக் கை தட்டல் அவர் காதில் விழுந்திருக்கலாகாதா?

பெரிய நிதிகளும் திட்டங்களும் அரசாங்கமும் கழகங்களும் செய்ய வேண்டியவை. நம் போன்ற சாதாரண மக்களால் ஆவது ஒன்று உண்டு. ஒவ்வோர் ஊரிலும் ஆடி ஓய்ந்த வீரர் ஒருவராவது இருப்பார். ஒரு காலத்தில் மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ ஆடியவர். இன்று தெரு முனையில் தேநீர் அருந்திக்கொண்டு தனியே அமர்ந்திருப்பவர். அவரருகே சென்று அமர்ந்து, ‘அந்த ஆட்டத்தில் நீங்கள் தடுத்தீர்களே, அது நினைவிருக்கிறது’ என்று சொல்வதற்குக் காசு செலவில்லை. உடல் நலம் எப்படி, மனம் எப்படி என்று கேட்பதற்கும் செலவில்லை. கேட்டபின் தேவையானால் மருத்துவரிடம் உடன் செல்வதும் நம்மால் ஆகக்கூடியதே.

கல்லாற்றங்கரையில் நாம் கண்ட ஆட்டம் இருட்டும் வரை நடந்தது. ஆற்றில் விழுந்த பந்தை அந்தச் சிறுவனே நீரில் இறங்கி, பாறைகளுக்கிடையே தேடி எடுத்து வந்தான். நனைந்த உடையோடு மறுபடியும் தன் இடத்துக்கே போய் நின்றான். அவனுடைய கட்சி அன்று வென்றது. எதிர்க்கட்சிக்குக் கிடைத்தது பூஜ்யம். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் வீடு நோக்கி நடந்தார்கள். நாம் அந்தச் சிறுவனை அழைத்து, ‘நன்றாகக் காத்தாய், தம்பி’ என்றோம். அவன் நம்மைச் சற்று வியப்போடு பார்த்தான், பிறகு சிரித்தான்.